யாருக்கு எடுத்த துணி?

"உனக்குப் பொறாமைக்கா!"

"ஆமாடி, பொறாமைதான்! போர்வை முழுக்க உன் துணி. என்னோடது ஒரு துண்டு கூட…"

"நானா வெட்டித் தைச்சேன்? அம்மாவைக் கேளு!"

பாலக்கரை வீட்டில் அக்கா ஆன்சியும் தங்கை லிசியும் போட்ட சத்தத்தில் அற்புதம்மாளின் தையல் மெஷின் நின்றது. லிசிக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்காக, மகள்களின் பழைய துணிகளை ஒட்டுப்போட்டு அவர் தைத்துக்கொண்டிருந்த போர்வை அது.

"இந்த மஞ்சள் கவுன் அவளோட கிறிஸ்துமஸ் கவுன். இது அவளோட பூப்போட்ட பாவாடை. ஆல்பத்துல எல்லாத்தையும் போட்டுக்கிட்டு அவதான் நிக்கிறா. நான் உன் பொண்ணு இல்லையாம்மா?"

அற்புதம்மாள் சிரித்தார். "அடி பைத்தியமே! ஓரத்துல பழைய ஊசித் தடம் தெரியுது பாரு. அவ ஒல்லின்னு பிடிச்சுத் தைச்ச தடம். எல்லாமே உனக்கு எடுத்ததுதான்டி. நீ வளர வளர அவளுக்குப் போட்டேன். உன்னைப் படம் பிடிக்கத்தான் அப்ப வீட்ல கேமரா இல்ல."

ஆன்சியின் முகம் மலர்ந்தது. போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

மறுமுனையைப் பிடித்திருந்த லிசி, ஒவ்வொரு துண்டாகத் தடவிக்கொண்டே வந்தாள்.

"அப்ப இதுல எனக்குன்னு எடுத்தது எதும்மா?"