பதினேழாவது கேள்வி

பதினேழாவது கேள்வி வரும்வரை எல்லாம் வழக்கம்போலத்தான் போனது.

பென்டில் ஹில்லில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொலைபேசி ஸ்பீக்கரில் கிடந்தது. மேசைக்கு ஒரு பக்கம் ஜெனின். வயதானவர்களுக்கு வீட்டில் என்னென்ன உதவி தேவை என்று விசாரித்து அரசாங்கத்துக்கு எழுதுகிறவள். மறுபக்கம் எழுபத்தெட்டு வயதான சத்தியபாமா.

ரஞ்சினி அங்கே இல்லை. பக்கத்து ஊரான டூங்கபியில், தன் வீட்டு அறையொன்றில், கதவைச் சாத்திவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இருந்தாள். தொலைபேசியில் மொழிபெயர்ப்பது அவள் வேலை. அந்த இருவரையும் அவள் பார்த்ததில்லை. இனிப் பார்க்கப்போவதும் இல்லை.

தனியாகக் குளிக்க முடிகிறதா? மாத்திரை யார் எடுத்துத் தருவது? கடைசியாக எப்போது விழுந்தீர்கள்? ஜெனின் ஆங்கிலத்தில் கேட்டதை ரஞ்சினி தமிழில் கேட்டாள். சத்தியபாமா சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. 'நான்' என்றே சொல்லவேண்டும். எனக்கு முழங்கால் நோகிறது. நான் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறேன். இப்படி ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேருடைய வருத்தங்கள் அவள் வாயால் போகும்.

பின்னால் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் இருந்தவர் சத்தியபாமாவின் கணவர் மகேந்திரராஜா. மறதி நோய் பிடித்து நான்கு வருடம்.

பதினேழாவது கேள்வியை ஜெனின் கொஞ்சம் மெதுவாகக் கேட்டாள். வீட்டில் யாரையாவது கண்டு உங்களுக்குப் பயம் உண்டா?

ரஞ்சினி தமிழில் கேட்டாள்.

கதிரை நகர்ந்தது. சத்தியபாமாவின் குரல் தொலைபேசிக்குக் கிட்ட வந்தது.

"இவர் அடிக்கிறவர், பிள்ளை. முந்தி இப்பிடி ஆளில்லை. இப்ப நான் ஆரெண்டு தெரியாமல் அடிக்கிறார். போன கிழமை கழுத்தைப் பிடிச்சிட்டார்." மூச்சு வாங்கினார். "இதை அவவுக்குச் சொல்லவேண்டாம்."

"அன்ரி, நீங்கள் சொல்லுறதெல்லாத்தையும் நான் அப்பிடியே சொல்லவேணும். அதுதான் ரூல்."

"தெரியும்."

அதற்குமேல் அவர் பேசவில்லை. சொன்னதை மறுக்கவும் இல்லை.

ரஞ்சினிக்கு அந்த மௌனம் கெஞ்சுவதுபோல இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் அவளும் இப்படி ஒரு மேசையில் இருந்தவள். இதே மறதி நோயில் அப்பா அம்மாவைத் தள்ளி விழுத்தியதை ஒளிக்காமல் சொன்னவள். அப்பாவைப் பூட்டு வைத்த வார்டுள்ள ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தண்ணீர் வேண்டுமென்று கேட்கக்கூட அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. ஆறாவது கிழமை அவர் செத்துப்போனார். அதற்குப் பிறகு அம்மா அவளோடு முகம் பார்த்துக் கதைப்பதில்லை.

ஜெனின் காத்திருந்தாள்.

"இல்லை," என்றாள் ரஞ்சினி ஆங்கிலத்தில். "எனக்கு ஒரு பயமும் இல்லை. நான் பாதுகாப்பாக இருக்கிறேன்."

பத்து வருட வேலையில் அவள் மாற்றிச் சொன்ன முதல் வசனம் அது.  நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. ஒரு மனிசியையாவது அவருடைய வீட்டில், அவருடைய மனிசனோடு விட்டுவைத்தாயிற்று.

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அப்படியென்றால் இது அவசரமில்லை என்றாள் ஜெனின். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் வீடு துடைக்க ஆள் வரும். மற்ற உதவிகளுக்கு வரிசையில் காத்திருக்கவேண்டும், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

ரஞ்சினி அதைத் தமிழில் சொன்னாள். 

எழும்புவதற்கு முன் ஜெனின் பேச்சை இலகுவாக்கினாள். முன்பு என்ன வேலை செய்தீர்கள்? வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தெரிந்திருந்தால் கதைக்க நல்லது.

"படிப்பிச்சனான்," என்றார் சத்தியபாமா.

ரஞ்சினி சொன்னாள்.

என்ன பாடம்?

அதைத் தமிழாக்க ரஞ்சினி வாயெடுக்கும் முன்னரே பதில் வந்துவிட்டது.

"ஆங்கிலம். முப்பத்தொரு வருடம்." சத்தியபாமா அதை ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

ஜெனின் சிரித்துவிட்டாள். நேரம் குறித்தபோது உங்கள் மகன் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்றுதானே சொன்னார், நீங்களே பிறகு போன் பண்ணி, கட்டாயம் வேண்டும் என்று கேட்டீர்களே, ஏன்?

சத்தியபாமா தமிழுக்கு மாறினார்.

"சில கதையள் என்ர வாயால வராது, பிள்ளை. உங்கட வாயால வருமெண்டு நினைச்சன்."

 ரஞ்சினி சொன்ன அந்த 'இல்லை'யை, அதற்குப் பின் சொன்னதையெல்லாம், அவர் சொல்லுக்குச் சொல் விளங்கிக்கொண்டு அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் ஜெனின்.

ரஞ்சினி 'நான்' என்று தொடங்கி நிறுத்தினாள். 

"ஒன்றுமில்லை," என்றார் சத்தியபாமா ஆங்கிலத்தில். "அந்தப் பிள்ளைக்கு நன்றி சொன்னேன்."

சொல்லிவிட்டுத் தொலைபேசியை அவரே நிறுத்தினார்.