மாலை 6.00

“படகு இரண்டரைக்குத்தானே? அதுவரைக்கும் இருக்கத்தான் வேணும்” என்று சொல்லிக்கொண்டு இராசேஸ்வரி கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். கையோடு கொண்டுவந்த கஜானியின் சாதகக் குறிப்பை மேசையில் வைத்தார்.

குறிப்புப் பொருந்திவிட்டது என்றே கஜானி நினைத்தாள். நோர்வேயில் இருக்கும் மகன் பிரதாபனுக்குப் பெண் கேட்டுக் குறிப்பை வாங்கிப்போனவர், பதினைந்தே நாளில் நெடுந்தீவுக்கு வந்து நிற்கிறார். பொருந்தாவிட்டால் ஒரு ரெலிபோனோடு முடிந்திருக்கும். இந்தக் காற்றில் வழியெல்லாம் குடலைப் பிரட்டிச் சத்தி எடுத்துக்கொண்டு யார்தான் படகேறி வருவார்கள்?

படத்தைப் பார்த்த நாளிலிருந்து மகன் இவளைத்தான் கேட்கிறானாம். தாய்க்குத்தான் குறிப்பு முக்கியம் என்று தரகர் சொல்லியிருந்தார்.

அப்பா வைத்திலிங்கம் வாயெல்லாம் பல்லாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சோடா வாங்கப் போய்விட்டார். குறிப்புக் கொடுத்த அன்றே அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். இது பொருந்தினால் கலியாணம், மறுபேச்சு இல்லை. பொருந்தாவிட்டால் இனி அவர் எங்கும் பேசப் போவதில்லை. அவள் கைகாட்டுகிறவனுக்கே கட்டிவைப்பார்.

அவள் கைகாட்ட ஒருவன் இருந்தான். அவள் விஞ்ஞானம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலேயே கணிதம் படிப்பிக்கும் சுலக்சன். இரண்டு வருடமாக அந்தப் பெயரை அவள் வீட்டில் சொல்லவில்லை.

இராசேஸ்வரி கலியாணப் பேச்சையே எடுக்கவில்லை. காற்றைப் பற்றிச் சொன்னார். வழியில் கண்ட குதிரைகளைப் பற்றிச் சொன்னார். தேத்தண்ணி தொடாமலே ஆறிக்கொண்டிருந்தது. பேச ஒன்றும் இல்லாமற்போக, மேசையில் திருத்தக் கிடந்த விஞ்ஞானக் கொப்பி ஒன்றை எடுத்துப் புரட்டினார்.

“இதென்ன பிள்ளை, 0.050 கிராமுக்குப் பொருளுள்ள இலக்கம் இரண்டு எண்டதுக்குச் சரி போட்டிருக்கிறீர்? நாலு இலக்கம் எல்லோ கிடக்கு.”

“முன்னுக்கு நிக்கிற பூச்சியங்கள் கணக்கில்லை, அன்ரி. அவை சும்மா இடம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவை. கடைசிப் பூச்சியம் கணக்கு. அதைத் தராசில பாத்து எழுதினது.”

முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் மருந்து நிறுத்துக் கொடுத்தவருக்கு அது உடனே பிடிபட்டது. கடைசிப் பூச்சியத்தை அளக்காமல் சும்மா எழுதியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

“அப்ப அதை நம்பக்கூடாது, அன்ரி.”

சொன்ன பிறகுதான் கஜானிக்கு உறைத்தது. பூட்டின வீட்டுக்குள் ஓர் ஓடு விலகி வெளிச்சம் விழுந்ததுபோல் இருந்தது. எட்டிக் குறிப்பை எடுத்து விரித்தாள். பிறந்த நேரம் மாலை 6.00 என்று இருந்தது.

இந்த இரண்டு பூச்சியமும் அளந்தவை அல்ல என்றாள். அது சண்டைக்காலம், மணிக்கூட்டுக்குப் பற்றரி கிடைக்காத நேரம். பிள்ளைப்பேறு பார்த்த மரியநாயகி, சேர்ச் மணி கேட்டதை வைத்துத்தான் நேரம் எழுதிக்கொடுத்தார். தன்னோடு படித்த பதினொரு பேரின் குறிப்பையும் கஜானி ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்கிறாள். ஒன்றில் காலை ஆறு, இல்லாவிட்டால் மத்தியானம் பன்னிரண்டு, அதுவும் இல்லாவிட்டால் மாலை ஆறு. அந்த மூன்று நேரங்களுக்கும் இடையில் நெடுந்தீவில் ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை.

இராசேஸ்வரி இலேசில் விடவில்லை. “மணி அடிச்சவர் நேரம் பாத்துத்தானே அடிச்சிருப்பார்?”

“அன்ரனிதாஸ் அண்ணையோ? அவர் சூரியனைப் பாத்து அடிக்கிறவர். நான் பிறந்தது அடைமழை மாரிக்கை.”

இராசேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. கஜானி விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“ஐஞ்சு மணியாயும் இருக்கலாம், ஏழு மணியாயும் இருக்கலாம். லக்கினமே மாறிப்போகும். இதை வைச்சு எந்தச் சாத்திரியார் என்ன சொன்னாலும் நம்ப ஏலாது.”

“பொருந்தும் எண்டாலும் நம்ப ஏலாது, பொருந்தாது எண்டாலும் நம்ப ஏலாது. அப்பிடித்தானே?”

“ஓம், அன்ரி. என்ரை குறிப்பு இருந்தும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான்.”

இராசேஸ்வரி குறிப்பை மடித்து ஒருபக்கம் வைத்தார். பிறகு ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார். இனிக் கும்பிட்டுவிட்டு எழும்பிவிடுவார் என்று கஜானி மனதுக்குள் படகின் நேரத்தை எண்ணத் தொடங்கினாள். பின்னேரமே சுலக்சனிடம் சொல்லிவிடலாம்.

வாசலில் சைக்கிள் வந்து நின்றது. சோடாப் போத்தல்களோடு உள்ளே வந்த வைத்திலிங்கத்திடம் இராசேஸ்வரி எழுந்துபோய், ஆவணியில் பிரதாபன் லீவில் வருவான் என்றும், அந்த லீவுக்குள்ளேயே கலியாண எழுத்தை வைத்துவிடலாம் என்றும் சொன்னார். குறிப்பு இனித் தேவையில்லையாம். பிள்ளைகள் மனம் பொருந்தினால் போதுமாம். அப்பாவின் கண் கலங்கிவிட்டது.

கஜானி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “அன்ரி, குறிப்பே பிழை எண்டெல்லோ சொன்னனான்?”

இராசேஸ்வரி திரும்பி வந்து அவளுடைய இரண்டு கைகளையும் ஆசையாகப் பிடித்துக்கொண்டார்.

“பொருந்தேல்லை எண்டு நேரில சொல்லிப்போட்டுப் போகத்தான், பிள்ளை, நான் வந்தனான்.”