தூசி அளக்கும் நாள்

கல் உடைக்கும் கிரஷரை இன்னும் பெரிதாக்கினால் ஊருக்கு என்ன பாதிப்பு வரும் என்று அளக்க, சேலத்திலிருந்து மூன்றாவது தடவையாக வந்திருந்தார் அதிகாரி ஜெனிஷ். மூன்றாவது தடவையாகவும் கிரஷர் ஓடவில்லை.

தூசி அளக்கும் மிஷினைப் பாவாயி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வெறுத்துப்போய் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியைக்கூட அங்கே காயப்போடலாம் போலிருந்தது.

"என்னம்மா இது? தூசி தாங்கலைன்னு நீங்கதான் மனு மேல மனு போடுறீங்க. வந்து பார்த்தா ஒண்ணுமே இல்லையே!"

"நீங்க வாரது அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுருமுங்க. காலையிலயே நிறுத்திப்போடுவாங்க."

"அது தெரிஞ்சுமா இன்னைக்கே வரணும்னு போன்ல அடம்பிடிச்சீங்க? பாதிப்பு இல்லைன்னுதான் நான் எழுத முடியும். கிரஷர் இன்னும் பெருசாயிடும். புரியுதா?"

பாவாயி பதில் சொல்லுமுன் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பூவும் பழமுமாக நாலைந்து பேர் இறங்கினார்கள்.

"கிரஷர் ஊராச்சேன்னு யோசிச்சுட்டே வந்தோமுங்க. இங்க தூசியே காணோமே!" என்றார் அவர்களில் மூத்தவர்.

அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, பாவாயி குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு இடம் தூசியைப் பார்த்துட்டு, எம்பொண்ணு வேண்டாம்னு போயிட்டாங்க சாமி. நீங்க அளந்து கிரஷர் நிக்கப்போறதில்லை. ஆனா நீங்க வார அன்னைக்கு மட்டும் நிக்குதுங்களே! இந்த இடம் அமைஞ்சா கல்யாணத்தன்னைக்கும் ஒரு மனுப் போடறேன். அவசியம் மிஷினோட வந்துருங்க."