ஒரு சாண் ஈரம்

ஒசாகாவின் கொரியர் கடைத்தெருவில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. கிம்ச்சி என்னும் முட்டைக்கோஸ் ஊறுகாய் விற்கும் தன் கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு ஹ்வாசுன் துடைப்பத்தோடு வெளியே வருகிறாள். தெரு ஆளற்றுக் கிடந்த பதினோரு ஆண்டுகளும், பூட்டிக் கிடந்த பக்கத்துக் கடைகளின் வாசல்களையும் சேர்த்துப் பெருக்கியவள் அவள். குப்பை சேர்ந்தால் தெரு செத்துவிட்டதென்று வருகிறவர்கள் முடிவுகட்டிவிடுவார்களே என்ற பயம். இப்போது ஒவ்வொன்றாகக் கடைகள் திறந்துவிட்டன. அடுத்த கடை மட்டும் நிச்சயமில்லை. மூன்று மாதம் நடத்திப் பார்க்கிறேன் என்று தேநீர்க் கடை போட்ட யுன்சோவுக்குக் கெடு நேற்றோடு முடிந்தது. இருப்பாளா, போவாளா என்று கேட்க ஹ்வாசுனுக்குத் தைரியம் வரவில்லை. இன்று அந்த வாசல் பெருக்கி, தண்ணீர் தெளிக்கப்பட்டிருக்கிறது. ஈரம் எல்லையில் நிற்காமல் ஹ்வாசுனின் பக்கமாக ஒரு சாண் நீண்டிருக்கிறது. இங்கே தங்கி வாழ நினைக்கும் அக்கம்பக்கத்தார் அப்படித்தான் பெருக்குவார்கள். அதற்கு மேல் போனால் அடுத்தவர் சரியாகப் பெருக்கவில்லை என்று குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடும்.

"யாருடி அது, என் வாசல்ல கை வச்சது?"

"நான்தான் அக்கா. நேத்துப் பத்து வருஷ வாடகைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். இனிமே நீங்களும் இந்தப் பக்கம் ஒரு சாணுக்கு மேல வரக்கூடாது."

"பெருக்கின லட்சணத்தப் பாரு. மூலையில தூசி அப்படியே கெடக்கு."

முகத்தை முட்டைக்கோஸ் கூடைகளின் பக்கம் திருப்பிக்கொண்டு ஹ்வாசுன் பெருக்கத் தொடங்குகிறாள். துடைப்பம் எல்லையை ஒரு சாண் கடக்கிறது. பழகிய கை இன்னும் போகப் பார்க்கிறது. இரண்டு கைகளாலும் துடைப்பத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, இனித் தான் பெருக்க வேண்டியிராத அந்த வாசலைப் பார்த்தபடியே நிற்கிறாள்.