யாரும் குடியிருக்காத கூடு

கிணற்றின் மேல் சாய்ந்திருந்த ஈச்சமரத்தில் ஒரு தூக்கணாங்குருவி கூடு கட்டியது. அது மனம் வைத்திருந்த பெண்குருவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பறந்துபோனது. அதன்பிறகு குருவிக்கு அந்தப் பக்கமே போகப் பிடிக்கவில்லை. கோடையில் ஒருநாள் தள்ளி நின்று படமெடுத்து, "யாரும் குடியிருக்காத கூடு விற்பனைக்கு" என்று இணையத்தில் போட்டது.

சில்லைப் பறவை ஒன்று அதை வாங்கியது. மறுநாளே செய்தி அனுப்பியது: "இது பழைய கூடு. பொய் சொல்லி விற்றிருக்கிறீர்கள். திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்."

"கட்டியவன் நான். அதில் ஒருவரும் தங்கியதில்லை" என்று குருவி பதில் போட்டது.

"அப்படியென்றால் நேரில் வந்து பாருங்கள்."

குருவி கோபத்தோடு போய் உள்ளே தலையை நீட்டியது. அடியில் இலவம்பஞ்சு மெத்தென்று பரப்பியிருந்தது. நடுவில், யாரோ வெகுநாள் உட்கார்ந்திருந்த பள்ளம். பக்கத்தில் ஒரு பழுப்பு இறகு.

"பஞ்சு நீங்கள் வைத்ததா?"

"நான் எதையும் தொடவில்லை. ராத்திரிகூடக் கிளையில்தான் இருந்தேன்" என்றது சில்லை.

குருவி அந்த இறகை அலகால் புரட்டிப் பார்த்தது; அன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனவளின் நிறம்தான். பிறகு, "நீங்கள் சொன்னது சரிதான். இங்கே ஒருத்தி காத்திருந்திருக்கிறாள். எனக்குத்தான் தெரியவில்லை" என்றது.

சில்லைக்கு மனம் இளகிவிட்டது. "விலையைக் கொஞ்சம் குறைத்தால் நானே இருந்துகொள்கிறேன்."

"வேண்டாம். முழுவதையும் திருப்பித் தந்துவிடுகிறேன்."

சில்லை போனதும் குருவி உள்ளே நுழைந்தது. அந்தப் பள்ளத்தில் கால் படாமல் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்து, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.