இலங்கைப் பட்டை

"இலங்கையில் நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்" என்று சொல்லி, நெல்லையப்பன் ஜிப்பாப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தபோது, மேடைக்குக் கீழே பெஞ்சில் இருந்த அவன் கூட்டாளி, புன்னைக்காயல் கடற்கரைப் பையன் ரோச், பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தான்.

சண்டை முடிந்து கப்பல் மறுபடி ஓட ஆரம்பித்ததும், ஜெபசிங் சார் தம் வகுப்புப் பையன்களை இலங்கைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பியிருந்தார். போனவர்கள் ஆளுக்கொரு பாடம் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் அண்டை நாட்டாரின் பண்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூட ஹாலில் அன்றைய ஏற்பாடு அதுதான். இதுவரை பேசியவர்கள் தயவில் புரிந்தது, அங்கேயும் மழை பெய்கிறது, அங்கேயும் கொசு கடிக்கிறது என்பது மட்டும்.

பொட்டலத்தில் இருந்தது விறகுத் துண்டு மாதிரி ஒரு சாமான். மேஜையில் தட்டினான். 'டொக்' என்றது.

"இது கண்டி மலையில் விளையும் மரப்பட்டை. இதை இடித்துத் தேங்காய்ப்பூவோடு சேர்த்துச் சம்பல் செய்கிறார்கள். சைவ உணவுக்கு இத்தனை ருசி உண்டென்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. வேளை தவறாமல் உண்டேன்."

பின்வரிசையில் கடற்கரைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ இருமினார்கள். இருமல் இல்லை அது, சிரிப்பு.

தூத்துக்குடியில் மாசிக்கருவாடு தெரியாதவன் யார்? மீனை அவித்து, புகை போட்டு, மரமாகிற வரைக்கும் காயவைத்த சரக்கு. ஸ்ரீவைகுண்டத்துச் சைவப்பிள்ளை வீட்டுப் பையனுக்குத்தான் தெரியாது.

போன இடத்தில் பயல் முதலில் வெறும் வாழைப்பழத்திலேயே காலம் தள்ளினான். கண்ணு உள்ளே போய்விட்டது. ஒருநாள் பசி தாங்காமல் சம்பலைக் காட்டி, "என்னலே இது, சிராய் சிராயா கெடக்கு?" என்று ரோச்சிடம் கேட்டான்.

"மலைப்பட்டைலே. தின்னு."

ரோச் வேடிக்கைக்குத்தான் சொன்னான். நெல்லையப்பன் மறுபடி மறுபடி வாங்கித் தின்றான். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல எந்தச் சாப்பாட்டு வேளையும் தோதாக அமையவில்லை.

இப்போது பெஞ்சிலிருந்து ரோச் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நண்பன் பேச்சை ரசிக்கிறான் என்று நினைத்து நெல்லையப்பன் இன்னும் குரலை உயர்த்தினான்.

முன்வரிசை நடுவில், நெற்றி நிறைய விபூதியோடு அவனுடைய அப்பா சங்கரலிங்கம் பிள்ளை. பிள்ளையை அனுப்பும்போதே சாரிடம் கறாராகச் சொன்னவர்: "எம்பிள்ளை நாக்குல கவிச்சி பட்டுதுன்னு தெரிஞ்சா, மறுநாளே படிப்பை நிப்பாட்டி வயக்காட்டுக்கு அனுப்பிருவேன்." நெல்லையப்பனுக்கோ டாக்டருக்குப் படிக்க ஆசை.

"பெரியவர்கள் வாயிலிட்டுப் பார்க்கலாம்" என்று அவன் நேரே அப்பாவிடமே வந்து நீட்டினான்.

"ஏலே, அது மாசியில்லா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஹால் கொல்லென்று சிரித்தது.

பிள்ளை எழுந்தார். "மாசின்னா என்னது?"

"கருவாடு, பிள்ளைவாள்."

நெல்லையப்பன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஜெபசிங் சார் கூரையைப் பார்த்தார். ரோச் எழுந்து போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றான்.

"அவன் அங்கன தின்னது நெசப் பட்டைதான் ஐயா. கொண்டுவந்ததும் பட்டைதான். வார வழியில பெட்டியத் திறந்து, அதை எடுத்துட்டு மாசியை வச்சது நான். விளையாட்டுக்கு."

"அப்போ எம்பிள்ளை இதைத் திங்கலை?"

"கையால தொட்டதே இன்னைக்குத்தான் ஐயா."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல ஒரு பாவம் சேர்ந்தது.

சாரின் கை ரோச் கன்னத்தில் பளாரென்று விழுந்தது. சத்தம்தான் பெரிசு, வலி அவ்வளவாக இல்லை. சாரும் அதே சம்பலைத் தின்றவர்தானே. வலித்தது நெல்லையப்பன் சொன்னது. அழாத குறையாகக் கேட்டான்: "எம்பட்டையை என்னலே செஞ்ச? இனி எம்மூஞ்சியில முழிக்காத."

பிள்ளை தோள் துண்டை விரித்து, விரல் படாமல் அந்தக் கட்டையை வழித்துக் கட்டினார். "இந்த அசிங்கத்தை நானே கடல்ல எறிஞ்சிட்டு வாரேன்" என்று விறுவிறுவென்று வெளியேறினார்.

"பிள்ளைவாள் நெருப்புல்லா" என்றது முன்வரிசை.

கூட்டம் கலைந்தது. ரோச் பள்ளிக்கூட வாசலில் முட்டுக்கால் போட்டுக் கிடந்தான். போகிறவர் வருகிறவரெல்லாம், "புன்னைக்காயல் புத்தியக் காட்டிட்டான் பாரு" என்று ஆளுக்கொரு வார்த்தை எறிந்துவிட்டுப் போனார்கள்.

கடற்கரைப் பக்கமிருந்து பிள்ளை திரும்பி வந்தார். நேரே தன்னை நோக்கித்தான் வருகிறார் என்று தெரிந்ததும், ரோச் மற்றக் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டான்.

அவர் அறையவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார். துண்டு மூட்டை இன்னும் கக்கத்திலேயே இருந்தது. முடிச்சு விலகித் தெரிந்த கட்டையில், கல்லில் தட்டிப் பெயர்த்த மாதிரி ஒரு முனையைக் காணோம். பிள்ளையின் தாடை ஆடிக்கொண்டிருந்தது.

"கொழும்புல புகையிலைக் கடை வச்சிருந்த காலத்துல தின்னது. எத்தனை வருசமாச்சு" என்றார். "மறுபடி அங்கன யாரும் போனா, நல்லதாப் பார்த்து வாங்கியாரச் சொல்லு. எங்க வீட்ல ஒருத்தருக்கும் மூச்சு விடாத."

விழுங்கிவிட்டு, குரலை இன்னும் தாழ்த்தினார்.

"முக்கியமா எம்பயலுக்குத் தெரியவே கூடாது. அவன் சுத்த சைவம்."