பதினொன்றாவது வளைவில் குதிரை

மலைமேல் இருக்கும் ஒயின் திராட்சைத் தோட்டங்களை ஒரே நாளில் சுற்றிவர, நிற்கவேண்டிய இடங்களை எழுதி டிரைவர் சூசையிடம் நீட்டினாள் மங்கையர்க்கரசி. ஓட்டுக்கூரை போட்ட ஒயின் ஆலை, திராட்சைப் பந்தல், பதினொன்றாவது கொண்டை ஊசி வளைவில் வெள்ளைக் குதிரை.

"இருபது வருஷமா இந்த ரோட்ல ஓட்டுறேன். அங்க குதிரையே கிடையாதும்மா."

"வருஷா வருஷம் எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரே."

வளைவு தொடங்கினாலே அவளுக்குக் குமட்டும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொள்வாள். கணவர்தான் ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லி வருவார். அவர் இறந்தபின் வரும் இந்த முறை, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட, குமட்டலுக்கு மாத்திரைகூட வாங்கி வைத்திருந்தாள்.

சூசை பேனாவை எடுத்து, எழுதியிருந்த குதிரையை அடிக்கப் போனார்.

"அடிக்காதீங்க," என்றாள். "அந்த வளைவு வந்ததும் சொல்லுங்க. கண்ணை மூடிக்கிறேன்."